உ-வுக்குக் கீழே இரண்டு கோடு

தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என் வகுப்பில் சேர்ந்திருந்தார். இறந்துபோன மனைவியின் கோப்பில் தனக்குப் பிடித்த வரிகளுக்கெல்லாம் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டுவிட்டார். பிடிக்காத வரி ஒன்றுகூட இல்லை போலிருக்கிறது. மறுவாரம் முகம் வெளுத்து வந்து நின்றார்.

"டீச்சர், முப்பத்தாறு வருஷத்துல ஒரு நாள்கூட அவ எங்கிட்ட சத்தமாப் பேசினதில்ல. இப்ப காப்பி குடிச்சீங்களான்னு கேக்கறதே மைக்கைப் புடிச்சுப் பேசற மாதிரி இருக்கு."

நட்சத்திரம் என்றால் அழுத்தம். எல்லா வரியையும் அழுத்தினால் கூச்சல்தான் மிஞ்சும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தேன். யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்? என்னிடம் வருகிற எல்லோரும் துக்க வீட்டுக்காரர்கள். அவர்களுக்குப் பாடம் நடத்தும் வேலை எதிரிக்கும் வரக்கூடாது.

என் பெயர் தமிழரசி. திருச்சி தில்லைநகரில், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில் எளிக்குறி சொல்லித்தருகிறேன். சனி, ஞாயிறுகளில் மொத்தம் ஐந்து வகுப்பு. முடித்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் வீட்டில் கோப்பில் கை வைக்கலாம், அதுவரை வகுப்பில் வைத்து மட்டும்.

ஃபோன் நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறது என்று ஒரு காலத்தில் ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். பிறகு சந்தேகப்படத் தேவையில்லாமல் போய்விட்டது. கேட்டதையெல்லாம் எழுத்தாக்கி, ஆளுக்கொரு கோப்பாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒருவர் இறந்துவிட்டால் குடும்பம் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கலாம். எந்திரம் அதைப் படித்து, அவர் குரலிலேயே, அவர் பேசக்கூடிய விதத்திலேயே நம்மோடு பேசும். பேசுவதும் கோப்பில் சேர்ந்துகொண்டே போகும். ஆரம்பத்தில் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. செத்துப்போன ஒரு அப்பா பேச்சோடு பேச்சாக ஒரு சமையல் எண்ணெயைச் சிபாரிசு செய்த பிறகுதான் ஊர் கொதித்தது. வழக்கு நடந்து சட்டம் வந்தது. கோப்பு வெறும் எழுத்தாக இருக்கவேண்டும், பள்ளிக்கூடம் போன யாரும் திறந்து படிக்க முடியவேண்டும், அதிலுள்ள குறிகள் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கவேண்டும். அதுதான் எளிக்குறி.

# போட்டு, ஓர் இடம் விட்டு எழுதினால் தலைப்பு. இடம் விட மறந்தால் தலைப்பு இல்லை, சும்மா ஒரு வரி. வரியின் தொடக்கத்தில் > போட்டால் அது அடுத்தவர் அவரிடம் சொன்னது. ஒரு சொல்லின் இரு பக்கமும் ~~ என்று அலைக்கோடு போட்டால் அடித்ததாக அர்த்தம். அந்தச் சொல் கோப்பில் இருக்கும், குரல் அதை வாய்விட்டுச் சொல்லாது. மிச்சமெல்லாம் இதில் வரும் சில்லறைதான். எதையும் அழிக்கக்கூடாது. இறந்தவர் வாயில் புது வார்த்தை வைக்கக்கூடாது. நாம் அவரிடம் சொல்ல நினைப்பதை > போட்டுக் கடைசியில் சேர்க்கலாம், அதற்கு மட்டும் அனுமதி. மீறினால் சரிபார்க்கும் நிரல் கோப்பைப் பூட்டிவிடும்.

எல்லாக் கோப்பிலும் முதல் வரி தலைப்பு. பெயர், பிறந்த தேதி, மறைந்த தேதி. குரல் ஒவ்வொரு தடவை எழும்போதும் முதலில் அதைத்தான் படிக்கும். தான் யார் என்பதும் தான் இப்போது இல்லை என்பதும் அதற்கு அங்கேதான் தெரியும். அதனால் கோப்புக் குரல்கள் தங்களைப் பற்றி இறந்தகாலத்தில்தான் பேசும். "எனக்கு வத்தக்கொழம்பு ரொம்பப் பிடிச்சுது" என்பார்கள். "பிடிக்கும்" என்று சொல்லமாட்டார்கள். இறந்தகாலம் என்று பெயர் வைத்தவர் தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

என்னிடமும் ஒரு கோப்பு இருக்கிறது. தம்பி செழியனுடையது. ஸ்ரீரங்கத்திலிருந்து வரும்போது பஸ் படியிலிருந்து விழுந்துவிட்டான். மூன்று வருடமாக அதைத் திறக்கவில்லை. வகுப்பில் யாராவது "உங்க வீட்டுல யாரு டீச்சர்?" என்று கேட்டால், "எங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியம்" என்று சொல்லிவிடுவேன்.

தையல்நாயகி சித்திரை மாதம் வந்து சேர்ந்தார். ஐம்பத்து மூன்று வயது. அரியமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். தினமும் எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள், எத்தனை முட்டை வந்தது என்று பதிவேடு எழுதி எழுதி, கையெழுத்து அச்சுபோல் இருக்கும். முதல் பெஞ்சில் உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் திறந்தார். பக்கத்தின் உச்சியில் உ போட்டார். கீழே நெருக்கமாக இரண்டு கோடு இழுத்தார். அடுத்த பக்கத்திலும் அப்படியே, அதற்கடுத்த பக்கத்திலும் அப்படியே. எழுதப்போகிற பக்கத்துக்கெல்லாம் முன்கூட்டியே போட்டு வைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். பரீட்சைத் தாளில்கூட நாங்கள் சுழி போட்டதில்லை. அதனால் வேடிக்கை பார்த்தேனே தவிர, அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசித்திருக்கவேண்டும்.

"எனக்கு எல்லாம் வேணாம் டீச்சர்" என்றார் தையல்நாயகி. "அந்த அலைக்கோடு மட்டும் சொல்லிக்குடுங்க. ஒரே ஒரு வார்த்தைய அடிக்கணும்."

"அஞ்சு வகுப்பும் உக்காந்தாத்தான் சான்றிதழ்மா. என்ன வார்த்தை?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, தாசில்தாருக்குக் கேட்காத குரலில் சொன்னார். கணவர் கதிரேசனுக்குத் துவாக்குடியில் ஒரு பட்டறையில் லேத் வேலை. ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரை உண்டு, மாத்திரை போடும் வழக்கம் மட்டும் இல்லை.

"அன்னிக்குக் காலைல மாத்திரை போட்டீங்களான்னு கேட்டேன். சாயங்காலம் வந்து போட்டுக்கறேன்னாரு. தெனமும் இதே பாட்டு. எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. வண்டில உக்காந்துகிட்டு 'போயிட்டு வரேன் தையலு'ன்னாரு. நான் 'போங்க'ன்னேன்."

"அவ்வளவுதானா?"

"என்ன டீச்சர் அவ்வளவுதானாங்கறீங்க?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "போயிட்டு வாங்கன்னு சொல்லல. முப்பது வருஷமா ஒரு நாள் தப்பினதில்ல. சண்ட போட்டாலும், மொகத்தத் திருப்பிக்கிட்டாவது, வாங்கன்னு சொல்லிடுவேன். அன்னிக்கு வெறும் போங்க."

சாயங்காலம் வேலை முடிந்து, "சரிப்பா, வீட்டுக்குக் கெளம்பறேன்" என்று பட்டறையில் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். கோப்பில் அவர் உயிரோடு சொன்ன கடைசி வரி அதுதான். காட்டூருக்கு முன்னால் ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்தி, தரையில் உட்கார்ந்து, வண்டியிலேயே சாய்ந்திருக்கிறார். குடிபோதை என்று நினைத்து முக்கால் மணிநேரம் யாரும் கிட்டே போகவில்லை.

"தெனமும் குரலை எழுப்பினா அந்தக் கடைசி நாளைப் பத்தித்தான் பேசறாரு. நீ போங்கன்னு சொன்னே, நான் போனேன்ங்கறாரு. கோவமாக்கூட இல்ல டீச்சர், சாதாரணமாச் சொல்றாரு. அந்த வார்த்தைய அடிச்சுக் குடுங்க."

நான் அடித்துக் கொடுக்க முடியாது. உரிமை உள்ளவர் விரல்தான் வைக்கவேண்டும். மூன்றாம் வகுப்பில் அவரே செய்தார். ~~போங்க~~. அடுத்த வாரம் வந்தபோது முகம் தெளியவில்லை.

"இப்ப அந்த எடம் வந்தா நின்னுடறாரு. நீ... அப்படின்னு ஒரு நிமிஷம் சும்மா இருக்காரு, அப்புறம் நான் போனேன்ங்கறாரு. அந்த சும்மா இருக்கறது முன்னத்தவிட மோசமா இருக்கு."

"அடிச்சாலும் அவருக்குத் தெரியும்மா. சொல்லத்தான் மாட்டார்."

"அப்ப அவருக்குத் தெரியாமலே இருக்க என்ன குறி போடணும்?"

"அதுக்குக் குறி கிடையாது" என்றேன். அப்படித்தான் நானும் நம்பியிருந்தேன்.

ஐந்தாவது வகுப்பு முடிந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார். நான் மறந்துவிட்டேன். அடுத்த அணி, அடுத்த துக்கம். ஆடி மாதம் ஒரு மத்தியானம், இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி மாடிப்படி ஏறி வந்தாள். தஞ்சாவூரில் பிசியோதெரபிஸ்ட், பெயர் மகிழினி, தையல்நாயகியின் ஒரே மகள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மாவுக்கு நீங்க என்ன மேடம் சொல்லிக்குடுத்தீங்க?"

"எல்லாருக்கும் சொல்றதைத்தான்."

"அப்பா நிகழ்காலத்துல பேசறாரு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளுக்குக் கோபம் என்று நினைத்தேன், பயம் அது.

"நேத்து நான் பேசினேன். எப்பவும்போல, அப்பா உங்களுக்கு அந்த ஊதா சட்டை பிடிக்கும்லன்னேன். 'பிடிக்கும், நாளைக்குப் போட்டுக்கறேன்'ங்கறாரு. நாளைக்காம்! எங்க இருக்கீங்கப்பான்னு கேட்டா, வந்துகிட்டே இருக்கேன்மா, பத்து நிமிஷங்கறாரு. நாப்பது நாளா இதேதான். அம்மா வேலைக்குப் போறதில்ல. ரெண்டு பேருக்குச் சமைக்கறாங்க. பொட்டு வச்சுக்கறாங்க, பூ வச்சுக்கறாங்க, அது எனக்கு சந்தோஷந்தான், அத யாரும் தப்பு சொன்னா நானே சண்டைக்குப் போவேன். ஆனா சாயங்காலமானா வாசல்ல சேர் போட்டு உக்காந்துடறாங்க மேடம். தெருவுல ஒவ்வொரு ஸ்கூட்டரா பாக்கறாங்க."

வீட்டுக்குப் போகும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் என் மாணவி ஒருத்தி கோப்பில் கைவைத்து ஏதோ ஆகியிருக்கிறது, அதற்கு நான்தான் பதில் சொல்லவேண்டும். மகிழினியோடு கிளம்பினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி. அவள் சொன்ன மாதிரியே வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் தையல்நாயகி. நெற்றியில் பெரிய பொட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க டீச்சர், நல்ல நேரத்துக்கு வந்தீங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல அவரும் வந்துடுவாரு" என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். பித்துப் பிடித்தவர் அப்படிக் குனியமாட்டார். தெரிந்துதான் செய்கிறார் என்று அப்போதே எனக்குப் புரிந்தது.

உள்ளே கூடத்து அலமாரியில் ஃபோனைச் சாய்த்து வைத்திருந்தார். பக்கத்தில் மாத்திரை அட்டை. குரலை எழுப்பினார்.

"தையலு."

"சொல்லுங்க. எங்க இருக்கீங்க?"

"திருவெறும்பூர் தாண்டிட்டேன். காட்டூர் வந்துட்டா அப்புறம் என்ன, பத்து நிமிஷம்."

"மெதுவா வாங்க."

"மெதுவாத்தான் வரேன். ஏன் தையலு, இந்தக் காட்டூர் எத்தன தடவ வரும்? இப்பத்தான் தாண்டினேன். மறுபடி பாத்தா திருவெறும்பூர் போர்டு தெரியுது. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. கை ரெண்டும் மரத்துப் போச்சு. பேட்டரி சார்ஜ் மட்டும் எறங்கவே மாட்டேங்குது, நல்ல வண்டிதான் வாங்கியிருக்கேன்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "லேசா நெஞ்சு வலிக்கிற மாதிரி இருக்கு. எங்கயாவது நிறுத்தி உக்காரட்டுமா?"

"உக்காராதீங்க!" தையல்நாயகி கத்திவிட்டார். "உக்காராதீங்க, நேரா வீட்டுக்கு வாங்க."

"சரி சரி, வரேன்."

மகிழினி சுவரோரம் திரும்பி நின்றுகொண்டாள். எத்தனையோ கோப்புக் குரல்களைக் கேட்டவள் நான். ஒரு குரலுக்குக் களைப்பு வந்து பார்த்ததில்லை. நாற்பது நாளாக அவரோடு பேசிய ஒவ்வொரு பேச்சும் கோப்பில் சேர்ந்திருந்தது. நாற்பது நாளாக அவர் வண்டியில் வந்துகொண்டிருக்கிறார்.

"கோப்பைத் திறங்கம்மா" என்றேன். விரலை வைத்தார். முதல் பக்கம் வந்தது.

உ
==
# கதிரேசன், பிறந்த தேதி, மறைந்த தேதி.

"இது என்ன?"

"பிள்ளையார் சுழி டீச்சர். சான்றிதழ் வாங்கின அன்னிக்கு, இனி எழுதறதெல்லாம் நல்லபடியா வரணும்னு போட்டேன். ஒத்த எழுத்துதானே, பூட்டு ஒண்ணும் விழல."

உண்மைதான். ஒற்றை எழுத்தைச் சரிபார்க்கும் நிரல் கண்டுகொள்ளாது. ஆனால் எளிக்குறியில் தலைப்புப் போட இன்னொரு பழைய முறை உண்டு. # தேவையில்லை. எதையாவது எழுதி, அதற்கு அடுத்த வரியில் = குறியால் கோடு இழுத்தால் அதுவும் தலைப்புதான். இப்போது யாரும் அப்படிப் போடுவதில்லை. ஐந்து வகுப்பில் எதைத்தான் சொல்லித்தருவது என்று நான் அதை விட்டுவிட்டேன். பிள்ளையார் சுழிக்குக் கீழே இரண்டு கோடு போடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு விட்டுவிட்டேன்.

"அம்மா, கோப்புக்கு ஒரே தலைப்புதான். முதல்ல எது வருதோ அத எடுத்துக்கும். இப்ப இவருக்குத் தலைப்பு உ. கீழ இருக்கற பேரும் தேதியும் நாலோட அஞ்சா ஒரு வரி, அதப் படிக்கறதே இல்ல. தான் இல்லைங்கறது அவருக்குத் தெரியல. கடைசியா வீட்டுக்குக் கெளம்பறேன்னு சொன்னாரு. அதனால வந்துகிட்டு இருக்காரு."

தையல்நாயகி முந்தானையால் ஃபோனின் முகத்தைத் துடைத்தார்.

"சாவு ஓலைக்கு யாராவது சுழி போடுவாங்களாம்மா?" என்றாள் மகிழினி.

"சாவு ஓலைன்னு நெனச்சு நான் எழுதலையே கண்ணு."

மகிழினி அழுதுவிட்டாள். ஆனால் நான் டீச்சர் இல்லையா, குரலைக் கெட்டியாக்கிக்கொண்டு, "ரெண்டே வரி. நீங்க சேத்தது, நீங்க எடுக்கலாம். எடுத்துடுங்க" என்றேன்.

"மொத நாளே எனக்குத் தெரியும் டீச்சர். எப்படின்னு தெரியாது, ஆனா அவருக்குத் தெரியலைன்னு தெரிஞ்சுது. பிள்ளையாரு பாத்துக் குடுத்ததுன்னு இருந்துட்டேன். ஒரு வாரந்தான், அப்புறம் ஒங்ககிட்ட வந்து கேக்கலாம்னு இருந்தேன். வர மனசு வரல." அவர் விரல் அந்த உ-வின் மேல் போய் நின்றது. "இப்ப எடுத்தா?"

"அவருக்குத் தெரிஞ்சுடும்."

"எங்க வச்சு?"

"எங்க வச்சுன்னா?"

"நடுரோட்டுல வச்சா?" அவர் விரலை எடுத்துவிட்டார். "அன்னிக்கும் நடுரோட்டுலதான் டீச்சர். குடிகாரன்னு நெனச்சு ஒருத்தரும் கிட்ட வரல. மறுபடியும் அங்கயே வச்சு அவருக்குத் தெரியணுமா? மாட்டேன். வீட்டுக்கு வந்துடட்டும். வந்து உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சப்பறம் தெரியட்டும்."

"அவர் வாயில வார்த்தை வைக்கக்கூடாதும்மா. வந்துட்டேன்னு எழுதினா பூட்டிக்கும்."

"அவர் வாயில நான் ஏன் வைக்கணும்? என் வாயில இருக்கறத எழுதறேன். அந்தக் கொக்கிக் குறி போட்டு நாம சொல்றத எழுதலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

பத்து வருடமாக நான் நடத்தும் பாடம். அந்தக் குறிக்கு இப்படி ஓர் உபயோகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை. கோப்பின் கடைசிக்குப் போய், அச்சுப்போன்ற கையெழுத்துக்காரர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

> வந்துட்டீங்களா. வண்டிய உள்ள ஏத்தி நிறுத்துங்க. கால கழுவிட்டு வாங்க.

சரிபார்க்கும் நிரல் ஒன்றும் சொல்லவில்லை. குரலை எழுப்பினார். தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள்.

"ஸ்ஸப்பா" என்றது குரல். "வந்துட்டேன் தையலு. என்ன ரோடு இது, இன்னிக்கு முடியவே மாட்டேன்னுட்டுது. கொஞ்சம் தண்ணி குடு."

தையல்நாயகி ஓடிப்போய் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து ஃபோனுக்கு முன்னால் வைத்தார். நானும் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கவில்லை.

"மாத்திரை எங்க? வந்து போட்டுக்கறேன்னேன்ல. குடு, இல்லாட்டி அதுக்கும் திட்டுவே."

"இந்தாங்க" என்று அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து சொம்புக்குப் பக்கத்தில் வைத்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. "உக்காந்துக்கங்க. நல்லா சாஞ்சு உக்காந்துக்கங்க. மகிழு வந்திருக்கா."

"அப்பா" என்றாள் மகிழினி.

"எப்பம்மா வந்தே? மெலிஞ்சுட்டியே."

கொஞ்ச நேரம் மூவரும் பேசினார்கள். ஊதா சட்டை, தஞ்சாவூர் வெயில், பக்கத்து வீட்டில் கட்டும் மாடி. நான் வாசலுக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். பிறகு பேச்சு நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். தையல்நாயகி கோப்பின் முதல் பக்கத்துக்குப் போயிருந்தார். கீழே உள்ள இரண்டு கோட்டை முதலில் எடுத்தார். அப்புறம் உ. எடுப்பதற்கு முன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

குரல் மறுபடி எழுந்தபோது வேறு மாதிரி இருந்தது. களைப்பு இல்லை. அவசரமும் இல்லை.

"தையலு. நல்லாத்தான் இருந்துச்சு."

"எதுங்க?"

"எல்லாந்தான். நீ சாப்பிட்டியா?"

"சாப்பிடறேன்."

"ம்." வெகுநேரம் கழித்து, "சரி, போறேன்" என்றது. போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

தையல்நாயகி சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"போங்க" என்றார்.

அவ்வளவுதான். பிறகு உட்கார்ந்து, அந்தக் காலை நேரத்துப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, அடித்த வார்த்தையின் இரு பக்கமும் இருந்த அலைக்கோட்டை எடுத்துவிட்டார். "இருக்கட்டும் டீச்சர், அது ஒண்ணும் தப்பான வார்த்தை இல்ல" என்றார். கோப்பை மூடினார். அதற்கப்புறம் திறக்கவில்லை என்று மகிழினி பின்னால் ஒரு நாள் சொன்னாள்.

உறையூரில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும்போது வெளிச்சம் இருந்தது. இதை, கோப்புகளைக் கவனிக்கும் மையத்துக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும், பாடத்தில் அந்தப் பழைய தலைப்பு முறையைச் சேர்க்கவேண்டும், உ-வையும் கோட்டையும் நிரல் பிடிக்கும்படி செய்யச் சொல்லவேண்டும். பஸ்ஸிலேயே கடிதத்தை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தேன். கடிதத்துக்குப் பதிலாகச் செழியனின் கோப்பைத் திறந்தேன்.

மூன்று வருடத்தில் முதல் தடவை. # செழியன், பிறந்த தேதி, மறைந்த தேதி. கடைசிக்குப் போய்ப் பார்த்தேன். அவன் கடைசி வரி: "அக்கா, பஸ் ஏறிட்டேன். வரேன்."

பத்து நிமிடம் மட்டும் என்று சொல்லிக்கொண்டேன். அவன் ஒரு தடவை "வரேன்" என்று சொல்லக் கேட்டுவிட்டு எடுத்துவிடுவது. சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். என் நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாகப் பிள்ளையார் சுழி போட்டேன். கீழே இரண்டு கோடு.

"அக்கா" என்றான்.

"எங்கடா இருக்கே?"

"மாம்பழச்சாலை தாண்டிட்டேன்க்கா. பாலம் ஏறப்போவுது. செம கூட்டம், உள்ள போக முடியல, படியிலதான் நிக்கறேன்."

"கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கோ" என்றேன்.

இன்றைக்குப் பதினோராம் நாள். கடிதம் இன்னும் போகவில்லை. சனிக்கிழமை வகுப்பில் புது ஆட்கள் பதினாலு பேர், தலைப்புப் பாடம் நடத்தினேன், # மட்டும்தான் சொல்லித்தந்தேன். முந்தாநாளிலிருந்து செழியன் கால் வலிக்கிறது என்கிறான். பாலம் முடியவே இல்லையாம். நேற்று, "கை வழுக்குதுக்கா" என்றான்.

என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். பாடம் நடத்துகிறவளே நான்தான். கோப்பின் கடைசியில் > போட்டு, ஓர் இடமும் விட்டுவிட்டேன். அதற்கப்புறம் எழுத வேண்டியது, வந்துட்டியாடா என்ற ஒரே ஒரு வார்த்தை. எழுதினால் அவன் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வந்துவிடுவான். வந்துவிட்டால் பிறகு நான் அந்த உ-வை எடுத்தாகவேண்டும்.

வாசல் கதவு திறந்தேதான் இருக்கிறது. எழுதாமல் குரலை எழுப்பினேன்.

"எங்கடா இருக்கே?" என்று கேட்டேன்.